கம்பி பளிச், குதிரை மங்கல், கொக்கு வெள்ளைத்தாள்: என்ன தப்பு செய்கிறேன்?

மட்டக்குதிரைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு 11 வயது. சாம்பல் நிற மட்டக்குதிரை ஒன்றில் தாண்டுதல் போட்டிகளுக்குப் போகிறாள். அவளுடைய சுற்று ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. அதற்காக நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலியோரம் நிற்கிறேன். சும்மா நிற்பானேன் என்று மைதானத்தைச் சுற்றித் திரிகிற பறவைகளையும் எடுக்க ஆரம்பித்தேன். இப்போது இரண்டில் எது பெரிய பைத்தியம் என்று எனக்கே தெரியவில்லை.

கையில் இருப்பது 1.5 கிராப் சென்சார் (முழு அளவைவிடச் சின்ன சென்சார்) உள்ள பழைய கேமரா. வினாடிக்கு 6 படம் எடுக்கும். லென்ஸ் 70-300, முழுசாக இழுத்தால் அதன் வாய் f/5.6 வரைதான் திறக்கும். போன போட்டியில் 1,140 படம் எடுத்தேன். தேறியது 9. அந்த ஒன்பதில் இரண்டில் குதிரையே இல்லை.

தாண்டுகிற படங்களில் தடையின் சிவப்பு வெள்ளைக் கம்பி பளிச்சென்று விழுகிறது. பெயின்ட் எங்கெங்கே உரிந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். குதிரையும் பிள்ளையும் மங்கல். அபூர்வமாகத் தெளிவாக விழுந்தாலும் குதிரை நன்றாக இல்லை. கால்கள் ஒன்றோடொன்று சிக்கி, சாய்ந்துபோன மடக்கு நாற்காலி மாதிரி இருக்கிறது. தினமும் நான் பார்க்கிற குதிரை அது, நேரில் அப்படி இல்லவே இல்லை.

பறவை விஷயம் இன்னும் மோசம். காலையில் மரங்களுக்கு முன்னால் நின்ற உண்ணிக்கொக்கை எடுத்தேன். வெள்ளைத்தாளில் கத்தரித்து ஒட்டின மாதிரி வந்திருக்கிறது, ஓர் இறகுகூடத் தெரியவில்லை. மத்தியானம் மணல் களத்துக்கு அந்தப் பக்கம் நின்றதை 1/1600 வினாடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். கை ஆடியிருக்க வழியில்லை, ஆனாலும் தண்ணீருக்கு அடியில் நிற்கிற மாதிரி நெளிகிறது.

இன்னொன்று. ஒரு நல்ல படத்தில் குதிரையின் ஒரு காது பின்னால் திரும்பியிருந்தது. மகள் பார்த்துவிட்டு, "கோபமா இருக்கும்மா, யாருக்கும் காட்டாதே" என்று அழிக்கச் சொன்னாள். அழித்துவிட்டேன், இன்னும் மனசு ஆறவில்லை.

150-600 லென்ஸ் வாங்கினால் இதில் பாதியாவது தீருமா? இருக்கிற லென்ஸ் என்ன பாவம் செய்தது என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஐஎஸ்ஓ அடிமை எழுதியது:

அக்கா, கொக்கு வெளுத்துப்போவது என் இலாகா. அதை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறேன்.

கேமரா தானாக வெளிச்சம் கணிக்கும்போது சட்டகம் முழுவதையும் பார்க்கிறது. முக்கால்வாசி இருண்ட மரம், நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைப் பறவை. இடமே இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மரம் அழகாக வரும், கொக்கு எரிந்துபோகும். அதே கொக்கு பறந்து வானத்துக்கு முன்னால் போனால் கணிப்பு தலைகீழ். ஆனால் கொக்கின் மேல் விழுகிற வெயில் மாறவே இல்லையே? அதனால் மேனுவலுக்குப் போய்விடுங்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, f/8, 1/1600 என்பது சாதாரணப் பொருளுக்குச் சரியான அளவு. வெள்ளைப் பறவைக்கு ஷட்டரை மட்டும் 1/2500 ஆக்குங்கள். எரிந்த இடத்தைக் கண்சிமிட்டிக் காட்டும் வசதி கேமராவில் இருக்கும், அதைப் போட்டுவையுங்கள். இறகில் சிமிட்டினால் ஷட்டர் வேகத்தை இன்னும் ஒரு படி ஏற்றுங்கள். சாம்பல் குதிரைக்கும் இதே வைத்தியம். அடுத்து கறுப்புக் குதிரை களத்துக்கு வந்தால் மட்டும் ஷட்டரை ஒரு படி இறக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கண் எது கன்னம் எது என்று தெரியாது.

உள்ளரங்கப் போட்டி என்றால் அது வேறு தலைவலி. பல விளக்குகள் மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கும். ஒரு படம் சரி, அடுத்தது இருட்டு, மூன்றாவதில் குறுக்கே பட்டை. ஃப்ளிக்கர் தடுக்கும் வசதி இருந்தால் போடுங்கள், எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் அணையுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம்.

150-600 கிட்டத்தட்ட 2 கிலோ கனம், 600-ல் f/6.3. தோள் தாங்கும் என்றால் வாங்குங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

பழைய லாயக்காரன் எழுதியது:

தம்பி சொன்ன வெளிச்சக் கணக்கு சரி. லென்ஸ் விஷயத்தில் எனக்கு அவரோடு ஒப்புதல் இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் 19 வருஷம் லாயத்தில் கிடந்தவன். கேமரா பிடித்தது அதற்கு அப்புறம்தான். அதனால் எனக்குக் குதிரை முதலில் காதில் விழும், பிறகுதான் கண்ணில் படும். சாதாரண நடை தகதிமி: நாலு குளம்பும் தனித்தனியாக விழும். டிராட் என்கிற துள்ளு நடை தக, தக: மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும். கேன்டர் என்கிற மிதமான ஓட்டம் தகிட: முதலில் ஒரு பின்னங்கால், அடுத்து மூலைக்கு மூலை ஒரு ஜோடி, கடைசியாக ஒரு முன்னங்கால். அதற்கப்புறம் கண்ணிமைக்கும் நேரம் சத்தமே இருக்காது. அப்போது நாலு காலும் தரையில் இல்லை.

குதிரை ஓடும்போது அந்த நேரத்தில் கால்கள் எப்படி இருக்கும் என்பதில் பெரிய குழப்பம் இருந்தது. ஓவியர்கள் முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கும் பின்னங்கால் இரண்டையும் பின்னுக்கும் நீட்டி, பறக்கிற மாதிரி வரைந்து தள்ளினார்கள். 1878-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே நூல் கட்டி, சாலி கார்ட்னர் என்ற குதிரையை ஓடவிட்டார். நூல் இழுபட இழுபடக் கேமராக்கள் ஒவ்வொன்றாக எடுத்தன. நீட்டியிருக்கும்போது இல்லை, வயிற்றுக்குக் கீழே கால்கள் நாலும் கூடிச் சுருளும்போதுதான் குதிரை அந்தரத்தில் இருந்தது. உங்கள் மடக்கு நாற்காலி அந்தச் சாதிதான். தடைக்கு முந்தைய எட்டிலோ (கால் எட்டிவைக்கிற ஒரு முழுப் பாய்ச்சல்), இறங்கிய அடுத்த எட்டிலோ விழுந்த படமாக இருக்கும். அதில் பொய் இல்லை, சுவரில் மாட்டத்தான் லாயக்கில்லை.

சரி, பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் நல்லது ஒன்று மாட்டாதா? தாண்டுதலில் நிமிடத்துக்கு 350 மீட்டர் என்பது வழக்கமான வேகம். வினாடிக்கு 6 மீட்டர் போல. உங்கள் கேமராவும் வினாடிக்கு 6. ஆக ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே குதிரை ஒரு மீட்டர் போய்விடுகிறது. பிள்ளைகள் சுற்றில் வேகம் சற்றுக் குறைவாக இருக்கும், ஆனாலும் குதிரை காற்றில் இருப்பதே அரை வினாடி போலத்தான். வேண்டிய நொடி இரண்டு படத்துக்கு நடுவே நழுவிவிடும். 1,140 எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா?

எண்ணப் பழகுங்கள். பெரிய குதிரைக்குக் கேன்டரில் ஓர் எட்டு சுமார் 12 அடி, மட்டக்குதிரைக்கு அதைவிடக் குறைவு. களம் அமைப்பவர் அடுத்தடுத்த தடைகளுக்கு நடுவே இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் தூரம் விடுகிறார். சுற்றுக்கு முன்னால் மகள் களத்தை நடந்து பார்ப்பாள் இல்லையா, எந்த வரிசையில் எத்தனை எட்டு என்று அவளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் மனசுக்குள் எண்ணுவதை நீங்கள் வாய்விட்டு எண்ணுங்கள். தகிட ஒன்று, தகிட இரண்டு, தகிட மூன்று, எழும்பு. எழும்பும்போது ஒரே ஒரு அழுத்து. பின்னங்கால் அப்போதுதான் தரையை விட்டிருக்கும், முன்னங்கால் முட்டிகள் நெஞ்சோரம் மடிந்திருக்கும், கழுத்து வளைந்து முன்னே போகும். முதல் நாள் இருபதுக்கு ஒன்று தேறும். பரவாயில்லை.

கம்பி தெளிவாக விழுவதில் மர்மம் ஒன்றும் இல்லை. எது பளிச்சென்று வேறுபட்டுத் தெரிகிறதோ கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பு வெள்ளைப் பட்டையைவிட அதற்கு வேறென்ன வேண்டும்? ஃபோகஸ் கட்டத்தைச் சின்னதாக்கி, மூன்று எட்டுக்கு முன்பே கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் வைத்து, விடாமல் கூடவே வாருங்கள். கைவரவில்லையா, சோம்பேறி வழி ஒன்று இருக்கிறது. கம்பிக்கு இரண்டடி உங்கள் பக்கமாக, மணலில் ஏதாவது குளம்புத்தடத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். 15 மீட்டர் தள்ளி நின்று, 200-ல், f/8-ல் எடுத்தால் உங்கள் சென்சாருக்கு ஒன்றே முக்கால் மீட்டர் போலத் தெளிவாக விழும். குதிரையின் தலையும் பிள்ளையின் முகமும் அதற்குள் அடங்கும். வால் மங்கினால் மங்கட்டும்.

நிற்கிற இடம்: குதிரை இறங்குகிற பக்கம், முக்கால் முகம் தெரிகிற மூலை, வேலிக்கு வெளியே. ஒரு முழங்கால் போட்டு உட்கார்ந்தால் தடை உயர்ந்து தெரியும். ஆனால் குதிரை களத்துக்குள் வரும் முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், அது போன பிறகுதான் எழ வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மழை நாள். கேமரா நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டியிருந்தேன். காற்றில் பை படபடவென்று அடித்தது, அதை அமுக்கப் பாதி எழுந்தேன். இரண்டு எட்டு தூரத்தில் வந்துகொண்டிருந்த குதிரை அப்படியே பக்கவாட்டில் தெறித்தது. மேலே இருந்த பையன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கி, மெல்லச் சறுக்கி மணலில் உட்கார்ந்தான். அடி ஒன்றும் படவில்லை. அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. குதிரைக்குக் கண் தலையின் பக்கங்களில் இருக்கிறது. நெற்றிக்கு நேர் முன்னே கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னே கொஞ்சம் தவிர, சுற்றிலும் எல்லாம் தெரியும். மறைந்து நிற்கிறோம் என்பது நம் நினைப்பு.

காதுக்கு வருகிறேன். மகள் சொன்னது பாதி சரி. இரண்டு காதும் பிடரியோடு ஒட்டிப் படுத்துவிட்டால் அது கோபம். ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியிருந்தால் குதிரை மேலே இருப்பவள் சொல்வதைக் கேட்கிறது. அந்தப் படத்தை அழித்திருக்க வேண்டாம். இரண்டு காதும் முன்னே விறைத்த படம் வேண்டுமென்றால் தடையை நெருங்கும்போது எடுங்கள், அது தடையைப் பார்க்கிற நேரம்.

கடைசியாக லென்ஸ். மத்தியானக் கொக்கு நெளிந்ததற்குக் காரணம் சூடான மணல். வெயிலில் காய்ந்த களத்துக்கு மேலே காற்று அலை அலையாக எழும். அந்தக் காற்றைத் துளைத்துக்கொண்டு எடுத்தால் எந்த ஷட்டர் வேகமும் காப்பாற்றாது. 600 போட்டால் கொக்கோடு சேர்த்து நெளிவையும் பெரிதாக்குவீர்கள். காலை 9 மணிக்குள் எடுங்கள், அல்லது நாலு எட்டு நடந்து கிட்டே போங்கள். முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

மட்டக்குதிரைக்காரி எழுதியது:

லாயக்கார ஐயா, இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கணும்.

எண்ணினேன். முதல் சுற்றில் தகிட தகிட என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்தில் நின்றவர் நகர்ந்துபோய்விட்டார். மூன்றாவது குதிரையிலிருந்து பிடி கிடைத்தது. எழும்பு என்று சொல்லி முடித்துவிட்டு அழுத்தினால் தாமதம், 'எ'-விலேயே விரல் போக வேண்டும் என்று கண்டுபிடித்தேன். மொத்தம் 212 படம், 31 தேறியது. சோம்பேறி வழியில் எடுத்த ஒன்றில் மகளின் நாக்கு உதட்டோரம் துருத்திக்கொண்டு இருப்பதுகூடத் தெரிகிறது. குதிரையின் முன் முட்டிகள் இரண்டும் ஒரே உயரம். ஐஎஸ்ஓ தம்பிக்கும் நன்றி. கொக்குக்கு இறகு வந்துவிட்டது.

இப்போது பேராசை. கொக்கு பறக்கிற படம் வேண்டும். என் சின்னவன் ஓடிப்போய் விரட்டுகிறேன் என்று தயாராக நிற்கிறான். விரட்டினால் தப்பா? அப்புறம், பயிற்சிக் களத்தின் ஓரத்தில் ஓர் ஆள்காட்டி உட்கார்ந்தே இருக்கிறது, முட்டை இருக்கும் என்று நினைக்கிறேன். லாயத்து உத்தரத்தில் தகைவிலான் கூடும் இருக்கிறது. எவ்வளவு கிட்டே போகலாம்?

உத்தரத்துக் கூடு எழுதியது:

சகோதரி, சின்னவனைப் பிடித்து உட்கார வையுங்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், விரட்டினால் படமே கெட்டுப்போகும். விரட்டின பறவை உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பறக்கும். உங்களிடம் இருக்கிற நூறு வால் படங்களோடு அது நூற்றியோராவது.

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் அடிக்கிற மாதிரி நின்றால் அது உங்களைப் பார்த்து வரும். காற்றோடு வெயிலும் முதுகில் விழுகிற காலை கிடைத்தால் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். எழும்பப் போவதையும் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்: உடம்பு முன்னே சாயும், கால் சற்று மடியும், பல சமயம் எச்சம் போட்டுவிட்டுக் கிளம்பும். லாயக்காரர் 'எழும்பு' என்கிறாரே, கொக்குக்கு அந்த எச்சம்தான் எழும்பு. 1/2500-க்குக் குறையாமல் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் பறக்கிற கொக்கைத் தேட மாட்டேன். உண்ணிக்கொக்கு மைதானத்துக்கு வருவதே குதிரைக்காகத்தான். குளம்பு பட்டுப் புல்லிலிருந்து தெறிக்கிற வெட்டுக்கிளியைப் பிடிக்கக் காலடியிலேயே நடக்கும். சுற்று முடிந்து கடிவாளத்தைத் தளர்த்திக் குதிரையை மேயவிடும்போது தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு பாருங்கள். 300 தாராளம்.

ஆள்காட்டிக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். தரையில் கூடு வைக்கிற பறவை அது. நீங்கள் நெருங்கினால் முட்டையை வெயிலில் விட்டுவிட்டு எழுந்து கத்தும். எத்தனை நிமிஷம் வெளியே நிற்கிறதோ அத்தனைக்கும் முட்டை காய்கிறது, காக்கைக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. களத்தைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சொல்லி இரண்டு கம்பியைச் சுற்றிப் போடச் சொல்லுங்கள், குதிரை மிதிக்காமல் இருக்கும். படம் வேண்டாம்.

தகைவிலான் கூட்டுக்கு நேர் கீழே நின்றால் தாய்ப்பறவை வாசலுக்கு வெளியே வட்டமடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே வராது. அப்படி வட்டமடித்தால் நீங்கள் வழியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். கூடு கட்டுகிற சமயத்தில் குதிரை குளிப்பாட்டுகிற இடத்துக்குப் போங்கள். அந்தச் சேற்றிலிருந்துதான் மண் எடுக்கும். அலகு நிறையச் சேறும் இறக்கை மேலே தூக்கின நிலையுமாக நாலைந்து வினாடி தரையில் நிற்கும். பறக்கிற தகைவிலானை ஒரு மாசம் துரத்துவதற்கு இது மேல்.

ஜோடித்து எடுப்பது பற்றி ஒரு கதை. 'வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது, இரவில் ஓர் ஓநாய் மரக் கதவைத் தாண்டுகிற படம். அசல் தாண்டுதல் குதிரை மாதிரியே தாண்டும். காட்டு ஓநாய் இடுக்கு வழியாக நுழைந்து போகாமல் ஏன் இவ்வளவு அழகாகத் தாண்டுகிறது என்று கேள்வி கிளம்பியது. பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுகட்டி, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இப்போதும் கண் முதலில் அந்த ஓநாயின் முன்னங்காலுக்குத்தான் போகிறது.

மட்டக்குதிரைக்காரி எழுதியது:

ஆள்காட்டியைச் சுற்றி நாலு பக்கமும் கம்பி போட்டாகிவிட்டது. மகள்தான் போய்ச் சொன்னாள்.

இன்று காலை படுத்தேன், நிஜமாகவே தரையில். சட்டை முழுக்க மணல். குதிரை குனிந்து மேய்கிறது, ஒரு காது முன்னே, ஒரு காது மகள் பக்கம். முன் குளம்புக்கு ஒரு சாண் தள்ளிக் கொக்கு, அலகில் வெட்டுக்கிளியின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் 210-ல் இருந்திருக்கிறது, 300-க்குக்கூட இழுக்கவில்லை. மகள் முழங்காலுக்குக் கீழே பூட்ஸாக மட்டும் தெரிகிறாள்.

"என் முகமே இல்லையேம்மா" என்றாள். ஆனால் தன் அறைச் சுவருக்கு அதைத்தான் கேட்கிறாள், நாக்கு துருத்திய படத்தை இல்லை. லாயக்கார ஐயா, இதில் அந்தக் காது கேட்கிற காதுதானே? அவளிடம் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.

பழைய லாயக்காரன் எழுதியது:

கேட்கிற காதுதான். சேறு காய்வதற்குள் தகைவிலானையும் பார்த்துவிடுங்கள்.